முப்பத்திரண்டாவது குழி

ராசியப்பனின் பிக்கப் வண்டிக்கு முப்பத்தொரு குழிகள் வெட்டச் சொன்னார்கள், வெட்டியவரும் முப்பத்தொன்றுதான் வெட்டினார், ஆனால் சங்ககிரியிலிருந்து வண்டி வெள்ளக்கல்மேட்டுக்கு வந்து, வீட்டு வாசலில் நின்று, பின்பக்கத்து மூடியைத் தூக்கிப் பார்த்தபோது முப்பத்திரண்டு இருந்தன.

ராசியப்பன் கிணற்று மோட்டார் மெக்கானிக். வண்டியை ஓட்டுவது அவன் மனைவி வசந்தாமணி. மோட்டாரைத் தூக்கும்போது அவன் கிணற்றுக்குள் இறங்குவான், அவள் மேலே செயின் புல்லியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பத்தொன்பது வருசமாக அப்படித்தான், அவன் தலை திரும்ப வெளியே தெரிகிறவரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டாள். அவன் கெட்டிக்காரன், ஒரு குறை மட்டும் உண்டு, வேலை முடிந்த இடத்தில் எதையாவது விட்டுவிட்டு வருவான். ஒரு கிணற்று மேட்டில் பைப் ரிஞ்சு, இன்னொரு தோட்டத்தில் இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர். மிச்சம் இருந்தவை வண்டியின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் மழையில் நனைந்து துருப்பிடித்துக் கிடந்தன. அதனால்தான் அவள் பிடிவாதமாகச் சங்ககிரிக்குப் போனாள், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் சின்னதாக ஒரு கூரை போட்டு உட்கார்ந்திருந்த யாக்கூப் பாயிடம், வண்டியின் பின்பக்கம் முழுவதையும் மூடுகிற மாதிரி பூட்டோடு ஒரு தகர மூடியும், அதற்கு அடியில் வண்டியின் நீளத்துக்கே இழுத்தால் வருகிற ஒரு பெரிய டிராயரும் கேட்டாள்.

யாக்கூப் பாய் அளவெடுத்த விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்துத் தரையில் படுக்க வைக்கச் சொன்னார். ஒரு அங்குலக் கனத்தில் கறுப்பு ரப்பர் விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, கோட்டின் வழியே கத்தியால் அறுத்து, அந்தந்தக் கருவியின் உருவத்திலேயே குழி எடுத்தார்.

"ஸ்பேனரு குழியில ஸ்பேனரு மட்டுந்தான் உக்காரும். வேலை முடிஞ்சு மூடிய சாத்தறப்ப ஒரு பார்வை பாருங்கம்மா. எந்தக் குழி காலியா இருக்கோ அதை விட்டுட்டு வந்திருக்கீங்கன்னு அர்த்தம்" என்றார். "இல்லாததக் காட்டிக் குடுக்கும்."

அவர் சொன்னபடியேதான் அது நடந்துகொண்டது, அவர் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக.

முப்பத்திரண்டாவது குழி முதல் நாள் கதிர் அரிவாள் உருவத்தில் இருந்தது. ராசியப்பன் மோட்டாருக்கு அரிவாளா என்று சிரித்தான். அன்று மத்தியானம் மேட்டுத்தெரு மாடு ஒன்று தன் கயிற்றிலேயே கழுத்து இறுகி நாக்குத் தள்ளியபோது, கயிற்றை அறுக்க ஊர் முழுக்க அரிவாள் தேடினார்கள். மறுநாள் அதே குழி கத்தரிக்கோலாக இருந்தது. தையல்காரி லோகாம்பாள் சும்மா இருக்கட்டும் என்று தன் கத்தரிக்கோலை அதில் வைத்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது, சாயங்காலம் மினி பஸ்ஸிலேயே ஒருத்திக்குப் பிள்ளை பிறந்து கொடி அறுக்க வேண்டியிருந்தபோது, பின்னால் வந்துகொண்டிருந்த வசந்தாமணியின் வண்டியில் கத்தரிக்கோல் தயாராக இருந்தது.

மூன்றாவது வாரம் அவர்கள் ஈரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் மூடியைத் திறந்தார்கள். டிராயரின் நீளத்துக்கும் ஒரு கடப்பாரையின் உருவம் கிடந்தது. மற்ற குழிகளெல்லாம் நெருக்கி ஒதுங்கி அதற்கு இடம் விட்டிருந்தன. அந்த இரண்டு நாளுக்குள்தான் தறிப் பட்டறைக் கந்தப்பன் கரும்பு டிரெய்லருக்கு அடியில் மாட்டி, நெம்புவதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் ஆட்கள் வெறுங்கையால் தூக்கிப் பார்த்து, தூக்க முடியாமல், அவனோடு பேசிக்கொண்டே அவனைச் சாகவிட்டிருந்தார்கள்.

கந்தப்பனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஊர் கூடியது. குழி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதை யார் திறப்பது, எத்தனை மணிக்குத் திறப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது. வார்டு மெம்பர் பாப்பாத்தி சட்டம் சொன்னாள். பால் வண்டி வருவதற்குள் மூடியைத் திறக்க வேண்டும், குழியைப் பார்க்க வேண்டும், யார் வீட்டில் அந்தப் பொருள் இருக்கிறதோ அவர்கள் கொண்டுவந்து அதில் படுக்க வைக்க வேண்டும், அன்று முழுக்க அது வண்டியோடு இருக்கும், வண்டி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"எல்லையத் தாண்டாம நான் எப்படிங்க்கா பொழப்பப் பாக்கறது?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"எல்லையில நாப்பது கெணறு இருக்குதில்ல கண்ணு. அத்தனையும் நல்லா இருக்குதா?"

அதற்குப் பிறகு வெள்ளக்கல்மேட்டில் விடிவதே அந்த மூடியோடுதான் விடிந்தது. ஆட்கள் பல்குச்சியோடு வந்து நின்றார்கள், தூக்குப் போசியோடு வந்து நின்றார்கள், "இன்னைக்கு என்ன கேக்குது?" என்பதே காலை வணக்கமாகி, ஒருநாள் பாக்குவெட்டி, ஒருநாள் தேங்காய் உரிக்கிற பாரை, ஒருநாள் யாருக்கும் என்னவென்று தெரியாமல் பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டி அது தண்ணீர்த் தொட்டியின் வால்வு திருப்புகிற சாவி என்று கண்டுபிடித்தது, இப்படி அது கேட்டுக்கொண்டே இருந்தது, அவர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தன் வீட்டுப் பொருள் குழியில் படுத்தது என்றால் அந்த வீட்டுக்கு ஒரு கௌரவம் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் நகையை விசாரித்த கையோடு, "உங்க ஊட்டுல எது படுத்திருக்குதுங்?" என்று விசாரித்தார்கள். கருவிகளுக்குக் குங்குமம் வைத்தார்கள். குழி கேட்காத பொருளைச் சாணை பிடித்து வைப்பதையே பலர் விட்டுவிட்டார்கள், வேண்டும் என்றால்தான் அது சொல்லுமே என்று. மண்வெட்டியின் உருவம் வந்த ஒரு காலையில் மட்டும் கிழடுகள் இருக்கிற வீடுகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

ஒன்றை மட்டும் வசந்தாமணி கணக்காகக் கவனித்து வந்தாள், மற்றவர்கள் கவனித்தும் வெளியே சொல்லவில்லை. குழியில் படுத்த பொருள் எதுவும் முழுசாகத் திரும்பவில்லை. பாக்குவெட்டியின் ஒரு பக்கம் முறிந்தது. மண்வெட்டி காம்போடு பிளந்தது. வால்வு சாவி தொட்டிக்குள்ளேயே முறிந்து விழுந்தது. எல்லாம் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் உடைந்தன, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் உடைந்தன.

பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை, இன்னும் யாரும் வந்திருக்கவில்லை, அவள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி மூடியைத் தூக்கி டிராயரை இழுத்தாள். குழி ஒரு கையாக இருந்தது.

வலது கை, மணிக்கட்டு வரைக்கும், விரல்கள் ஐந்தும் கொஞ்சம் விரிந்து. முதலில் அவளுக்கு அது ஏதோ கிளவுஸ் என்றுதான் தோன்றியது. எதற்காகச் செய்தோம் என்று பிறகு பலமுறை யோசித்தாள், காரணம் எதுவும் இல்லை, பானை வாயைப் பார்த்தால் கையை விட்டுப் பார்க்கிற மாதிரி அவள் தன் கையை அதில் வைத்தாள். பொருந்தியது. செயின் இழுத்து இழுத்து அகன்று போன உள்ளங்கையும், பக்கத்து விரலோடு ஒட்டாமல் தள்ளி நிற்கிற சுண்டுவிரலும், முட்டி புடைத்த கட்டைவிரலும் ஒரு மயிரிழை கூட மிச்சமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தன, ரப்பர் இளம்சூடாக இருந்தது, அவள் பதறிக் கையை வெளியே இழுத்தபோது அது விட மனமில்லாத மாதிரி ஒரு சின்னச் சத்தம் போட்டது.

தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டது. வசந்தாமணி வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் விட்டுக்கொண்டு, இடது கையால் மூடியைப் பிடித்தபடி நின்றாள்.

சொல்லியிருக்கலாம். "இது என்ற கைதான்" என்று மூன்று வார்த்தை. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பாப்பாத்தி குங்குமத்தோடு வருவாள். நாள் முழுக்கக் கையைக் குழியிலிருந்து எடுக்காதே என்பார்கள், வண்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துச் சோறு ஊட்டுவார்கள், பிறகு வேலை வரும், அந்த வேலையில் கை போகும், போன பிறகு பாக்குவெட்டியைப் பேசுகிற மாதிரியே அதையும் பெருமையாகப் பேசுவார்கள். சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. கந்தப்பனின் பெண்டாட்டி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். இன்றைக்கு யாரோ ஒருவருக்கு ஒரு கை வேண்டும், அது அவளுடைய கை, அந்த ஒருவர் யார் என்பது மட்டும் தெரியாது.

கூட்டம் சேர்ந்தது. குழியைப் பார்த்து முதலில் வந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள், பின்னால் வந்தவர்கள் முன்னால் முண்டினார்கள். பாப்பாத்தி ஒரு நிமிசம்தான் யோசித்தாள்.

"ஆம்பளைங்க எல்லாம் வரிசையா வாங்க. வெச்சுப் பாத்தா தெரிஞ்சுருது."

"வெச்சவன் கைய அதுவே எடுத்துக்கிட்டா?" என்று கேட்டான் பால்காரன் சின்னுராசு.

"உன்ற கைய எடுத்து அது என்னடா பண்ணும், பால்ல தண்ணி ஊத்தவா? வையி!"

சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே பயந்தார்கள், பயந்துகொண்டே வரிசையில் நின்றார்கள். தறிக்காரர்கள் கை வைத்தார்கள், மெலிசாக இருந்தது. கரும்பு வெட்டுகிறவர்கள் வைத்தார்கள், கட்டை விரல் கொள்ளவில்லை. வாத்தியார் வைத்தபோது உள்ளே கை நீந்தியது. பொருந்தாத ஒவ்வொருவனும் ஊருக்காக வருத்தப்படுகிற முகத்தோடு, நடை மட்டும் லேசாகி, வரிசையை விட்டுப் போனான். வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த பாப்பாத்திக்கும் இரண்டு கைகள் இருந்தன, தண்ணீர்க் குடத்தோடு வேடிக்கை பார்த்த பெண்களுக்கும் இருந்தன, யாரும் அதை நினைக்கவில்லை. லோகாம்பாள் மட்டும், "பொம்பள கையா இருந்தா?" என்று மெதுவாகக் கேட்டாள். "கருவி புடிக்கிற கையத்தான் சாமி அது கேக்கும்" என்று பாப்பாத்தி சொன்னதும், கத்தரிக்கோல்காரி வாயை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க்கா, இவ்வளவு நேரமா எடது கையில மூடியப் புடிச்சிட்டு நிக்கிறீங்க?" என்றான் சின்னுராசு.

"வலது கை சுளுக்கிக்கிச்சு."

ராசியப்பன் கடைசியாகக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து தன் கையை வைத்தான். பெரிதாக இருந்தது. "நல்லவேளை, இந்தக் கையில்லாம இட்லி திங்க முடியாதே" என்றான். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பால் வண்டி வந்தது, குழி காலியாகவே இருந்தது. அன்று ஊர் நடந்த நடையே வேறு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. தறியை நிறுத்தினார்கள். கிணற்றுப் பக்கம், ரோட்டுப் பக்கம், அடுப்புப் பக்கம் போகாமல் கட்டிலில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாராவது இருமினால் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினோரு மணிக்கு, ஊர் எல்லைக்குள் இருந்த காட்டுவளவுத் தோட்டத்திலிருந்து ராசியப்பனுக்குப் போன் வந்தது. மோட்டார் நின்றுவிட்டது, வாழை வாடுகிறது.

"இன்னைக்கு வேண்டாமுங்க" என்றாள் வசந்தாமணி.

"ஊரே கட்டில்ல உக்காந்தா மோட்டாரு தானா ஏறி வந்துருமா? வண்டிய எடு."

"நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

"வாழைக்கு நாளைக்குன்னா தெரியுமா புள்ள?"

அவள் வண்டியை எடுத்தாள். ஸ்டியரிங்கை இடது கையால் பிடித்து, கியர் மாற்ற மட்டும் வலது கையை வெளியே எடுத்து, மாற்றியதும் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். அவன் சன்னல் வழியே வாழையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

காட்டுவளவுக் கிணறு எழுபதடி, சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கல் படிகளில் இறங்க வேண்டும். தோட்டக்காரர் கிணற்றுப் பக்கமே வரமாட்டேன் என்று ஸ்விட்ச் ரூமிலேயே நின்றுகொண்டார். ராசியப்பன் இறங்கினான். கீழே தண்ணீருக்கு மேலே மோட்டார் வயரில்தான் கோளாறு, தூக்க வேண்டியதில்லை என்று கத்தினான், அவளுக்கு உயிர் வந்தது. புல்லியைத் தொட வேண்டியதில்லை, செயினைத் தொட வேண்டியதில்லை, கையைச் சேலையைவிட்டு வெளியே எடுக்க வேண்டியதே இல்லை. அரை மணி நேரம் அவள் கிணற்றின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இல்லாத சுளுக்கைத் தடவிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தது. "ஏறறேன்" என்ற குரல் கிணற்றைச் சுற்றி மேலே வந்தது.

அந்தக் கிணற்றில் மேலே இருக்கிற கடைசி இரண்டு படிகள் எப்போதோ விழுந்துவிட்டவை. அந்த வட்டாரத்துப் பாதிக் கிணறுகளுக்கு அப்படித்தான். ஏறி வருகிறவன் மிச்சமிருக்கும் மேல் படியில் நின்று ஒரு கையால் சுவரைப் பிடித்து மறு கையை மேலே நீட்டுவான், மேலே நிற்கிறவர் அதைப் பிடித்து இழுப்பார். ராசியப்பன் நீட்டுவான், பார்க்காமலே நீட்டுவான், நீட்டிய இடத்தில் அவள் கை இருக்கும்.

அவன் தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. சகதி படிந்த கை மேலே வந்து காற்றில் விரிந்து நின்றது.

வசந்தாமணி இடது கையை நீட்டினாள், அது அவன் விரலில் தப்பான பக்கமாகப் பட்டு விலகியது.

"அந்தக் கை இல்ல அம்மிணி, இந்தப் பக்கம்" என்றான், கீழே கால் வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எந்தக் கை, யாருக்கு, எதற்கு என்று எல்லாமே அந்த ஒரு நொடியில் வெட்ட வெளிச்சமாகப் புரிந்துவிட்டது, புரிந்த பிறகும் சேலைக்குள் இருந்த கை வரவில்லை. முறிந்த பாக்குவெட்டி கண்ணுக்குள் வந்தது. பிளந்த காம்பு வந்தது. அவள் தயங்கியது ஒரு ஆளின் பெயரை ஒருமுறை சொல்லி முடிக்கிற நேரம்தான். நீட்டிய கைக்கு எதுவும் வராததால் ராசியப்பன் நிமிர்ந்து பார்த்தான், பத்தொன்பது வருசத்தில் அந்த இடத்தில் அவன் நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை, அவள் முகத்தைப் பார்த்தான், சேலைக்குள் இருந்த கையைப் பார்த்தான், அப்போது அவன் காலடியில் கல் பெயர்ந்தது.

கல் விழுந்து தண்ணீரைத் தொட்ட சத்தம் மேலே வருவதற்குள் அவள் வலது கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது வெளியே வந்தது, எப்போது குனிந்தாள், எப்போது முழங்காலைப் பாறையில் ஊன்றினாள் என்று அவளுக்குத் தெரியாது. தோள் கழன்றுவிடும் போல் இருந்தது, பிடி நழுவவில்லை. இழுத்தாள். அவன் வயிறு தேய்ந்து மேலே வந்து மண்ணில் குப்புற விழுந்தான். அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். ஐந்தும் மடங்கின. ஒரு கீறல் இல்லை. அவள் பயந்த எதுவும் அந்தக் கைக்கு நேரவில்லை.

மூச்சு திரும்பியதும் ராசியப்பன் எழுந்தான். வண்டிக்குப் போய் மூடியைத் தூக்கி டிராயரை இழுத்தான். திரும்பி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, முரட்டுத்தனமாக இல்லாமல், ஸ்பேனரை எடுக்கிற மாதிரி எடுத்துப் போய்க் குழியில் வைத்தான். உட்கார்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"காத்தாலயே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பயந்துட்ட."

"ஆமாங்க."

"பயப்படறதுதான்" என்றான் அவன். "யாரா இருந்தாலும் பயப்படறதுதான்." அதில் கோபமே இல்லை, கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். மூடியைச் சாத்தினான். மறக்காமல் எல்லாக் கருவியையும் எடுத்து வைத்திருந்தான்.

அன்று மத்தியானம் சின்னுராசுவின் தொழுவத்தில் மாடு ஈனும்போது கன்று தலை திரும்பிச் சிக்கிக்கொள்ள, மருத்துவர் வருவதற்குள் அவனே முழங்கை வரைக்கும் எண்ணெய் தடவிக் கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி வெளியே எடுத்தான். தாயும் கன்றும் பிழைத்தன. ஊர் மூச்சுவிட்டது. குழி கேட்டது சின்னுராசுவின் கையைத்தான் என்று பொழுது சாய்வதற்குள் முடிவாகிவிட்டது. அது அவனுக்குப் பொருந்தவில்லையே என்று வாத்தியார் ஆரம்பித்தபோது, காலைக் குளிரில் ரப்பர் சுருங்கியிருக்கும் என்றார்கள். பாப்பாத்தி அவன் கையில் குங்குமம் வைத்தாள். அவன் அந்தக் கையை ஒரு வாரம் உயர்த்திப் பிடித்துக்கொண்டே பால் ஊற்றினான். டீக்கடையில் அவன் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ராசியப்பனும் தலையாட்டிக் கேட்டான், ஒருமுறை, "ஒரே இழுப்புலயா எடுத்தே மாப்ள?" என்றுகூடக் கேட்டான். வீட்டிலும் அவன் மாறவில்லை, சோறு கேட்டான், சிரிக்க வைத்தான், சந்தையிலிருந்து அவளுக்கு மல்லிகை வாங்கி வந்தான். வெள்ளிக்கிழமை காலை குழி கரண்டியாக இருந்தது, யார் வீட்டுக் கரண்டி என்று கூட்டம் சண்டை போட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேட்டுக்காட்டுக் கிணற்றில் மோட்டார் தூக்கினார்கள். அவள் செயின் இழுத்தாள், அவன் கீழேயிருந்து சொல்லச் சொல்ல நிறுத்தினாள், சொல்லச் சொல்ல இழுத்தாள், மோட்டார் மேலே வந்தது, கிளாம்பு போட்டாள். "ஏறறேன்" என்றான். அவன் பாதிக் கிணறு ஏறுவதற்கு முன்பே வசந்தாமணி விளிம்பில் மண்டியிட்டு, வலது கையை முழங்கை வரைக்கும் கிணற்றுக்குள் நீட்டிவிட்டாள். தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. ராசியப்பன் கடைசிப் படியில் நின்றான். விளிம்பு மண்ணில் எங்கே உறுதி என்று தட்டிப் பார்த்தான், ஒரு புல் தூரைப் பிடித்தான், அது வந்துவிட்டது, இன்னொன்றைப் பிடித்தான். இரண்டு முழங்கையையும் மண்ணில் ஊன்றி, நெஞ்சு தேய, மூச்சு வாங்க, தானாகவே மேலே ஏறி, அவள் கையைச் சுற்றிக்கொண்டு போய் வண்டியின் மூடியைத் திறந்தான்.

"ரிஞ்ச எடுத்து வெச்சுட்டியா?" என்று கேட்டான்.

"வெச்சுட்டனுங்க" என்றாள் அவள், கையை இன்னும் கிணற்றுக்குள் நீட்டியபடியே.